வாசகர் கேள்வி: கிட்டார் கழுத்து பொருந்தவில்லையே?

கேள்வி: இடித்த செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்கில் கிட்டார் கழுத்து செதுக்கி, போல்ட் போட்டுப் பொருத்தினேன். ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் நேர்கோல் வைத்தால் பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல்தளத்துக்கு 3 மி.மீ. கீழே முட்டுகிறது. என்ன செய்யலாம்?
– காரைக்குடி வாசகர்

பதில்: கழுத்து முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் மெல்லிய பட்டை) இழைத்துச் சமாளிக்காதீர்கள்; ஒலி செத்துவிடும். ஹீலின் (கழுத்து உடலோடு சேரும் தடித்த பகுதி) அடிமுனையைத்தான் குறைக்க வேண்டும். 645 மி.மீ. ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்), கழுத்து உடலோடு சேரும் 14-வது ஃப்ரெட்டிலிருந்து சேடிலுக்கு ஏறக்குறைய 287 மி.மீ. ஹீல் உயரம் 90 மி.மீ. என்றால் குறைக்க வேண்டியது 90×3÷287, அதாவது 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அடியில் அவ்வளவு, மேல்விளிம்பில் ஒன்றுமே கூடாது. பழைய உத்திரமாயிற்றே, உளி வைக்குமுன் காந்தத்தால் தடவி ஆணி இருக்கிறதா பாருங்கள்.

ஹீல் முகத்தின் நடுவைக் குடைந்து, ஓரத்தில் 3 மி.மீ. மட்டும் விட்டுச் சரிவாகச் சீவுங்கள். பிறகு 120 நம்பர் உப்புத்தாள் கீற்றை, சொரசொரப்பு ஹீலைப் பார்க்க, ஹீலுக்கும் உடலுக்கும் இடையில் செருகி, கழுத்தை அழுத்தியபடி உருவுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நேர்கோல் வையுங்கள். அது பிரிட்ஜை உரசினாற்போல் போனால் போதும்.

கழுத்து பக்கவாட்டில் நேராக இருக்கிறதா என்று பார்க்க, இரு ஓரக் கம்பிகளின் இடத்தில் நூல் கட்டுங்கள். பிரிட்ஜில் நூல் எந்தப் பக்கம் விலகுகிறதோ, ஹீலின் அந்தப் பக்க ஓரத்தைத் தேயுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. பசை போடுமிடத்தை முதலில் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள்.