மூன்று கறவை மாதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி, கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றும் பேகன் குழுவில் இருக்கிறாள். வருடத்துக்கு எட்டுப் பண்டிகை, ஐயாயிரம் வருடப் பழமை என்கிறாள். பௌர்ணமிதோறும் கூடுவார்கள், வசதிக்காகச் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும் ஊர் இது. அவர்களோடு தீ மூட்டி உட்கார்ந்தால் மனம் லேசாகிறது. இந்துவான நான் போகலாமா? அவர்களுடையதும் நம்முடையதும் ஒன்றுதானா?

ச.

அன்புள்ள ச.,

போங்கள். இதற்கு என் அனுமதி எதற்கு? குளிரில் ஒருத்தி கூப்பிட்டு நெருப்பருகே இடம் தருகிறாள், விட்டுவிடாதீர்கள். ஒன்றா வேறா என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

ஆனால் அந்த ஐயாயிரம் வருடம்! படித்த பெண், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்களா? குளிர்காலம் தொடங்கும் சவ்வின் போன்ற சில பண்டிகைகள் அயர்லாந்தில் பழையவைதான். எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது போன நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில் நவீன பேகன் வழிபாட்டை உருவாக்கிய ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் காலத்தில். இலையுதிர்காலப் பண்டிகைக்கு ‘மாபன்’ என்ற பெயரை ஐடன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தது 1970களில். புதியது என்பதால் ஒரு குறையும் இல்லை. பொய் வயது எதற்கு?

நிஜமான பழசு உங்களுக்கு வடக்கே, ஜாரோ என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த பீட் என்ற கிறிஸ்தவத் துறவி 725இல் எழுதிய காலக்கணக்கு நூலில் தன் முன்னோரின் மாதங்களைச் சொல்கிறார். நிலவைப் பார்த்து எண்ணிய மாதங்கள். கணக்கு பிந்தினால் கோடையில் ஒரு மாதம் கூடும். அக்டோபர் மாதத்துப் பௌர்ணமியில் குளிர்காலம் தொடங்கும். நவம்பர் பலி மாதம், வெட்டப்போகும் கால்நடைகளைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடுவார்கள். மே மாதத்தின் பெயர் ‘த்ரிமில்கி’. ஒரு நாளில் மூன்று முறை பசு கறக்கும் மாதம்!

இதைப் படித்த அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாட்டு மாடு. கோடையில் ஆளுக்கு அரை டம்ளர் தேறாது. ஐப்பசி மழையில் புல் எழும்பி, ஒருநாள் செம்பு நிறைந்துபோய், ஆச்சி தொழுவத்திலிருந்தே ‘குண்டானை எடுத்துட்டு வாங்கடா’ என்று கத்துவாள். பிள்ளைகள் எங்களுக்குக் கார்த்திகை பிறந்தது அந்தக் குரலில்தான். அதே ஆச்சி மூன்றாம் பிறைக்கு எங்களை முற்றத்தில் நிறுத்துவாள். மேகம் மூடியிருந்தாலும் நிற்கவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அடிதான் விழும்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை எனக்கு வலிக்கிறது. நிலவைச் சனிக்கிழமைக்கு மாற்றலாமா அம்மா? கூட்டத்தை மாற்றுங்கள், சரி. நிலவு எங்கே மாறும்? வானத்தைப் பாராமல் கைபேசியில் பௌர்ணமி கண்டுபிடிப்பவர்கள் எந்த இயற்கையைக் கும்பிடுகிறார்கள்? நம் ஊரிலும் காலண்டர் தாளைக் கிழித்துத்தான் அமாவாசை தெரிந்துகொள்கிறோம், திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

பௌர்ணமியன்று வேலை முடிந்ததும் பத்து நிமிடம் தெருவில் நில்லுங்கள். காதை மூடிக்கொள்ளுங்கள், குளிரும். அப்புறம் சனிக்கிழமை போய், தீயருகே தோழியிடம் மூன்று கறவை மாதத்தைச் சொல்லுங்கள். அவள் ஊர் ஆச்சிகள் வைத்த பெயர் அது.