கடற்கரை மணலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள்

கேள்வி: விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் கடற்கரைக்குச் செல்வது எங்கள் வழக்கம். நான்கு வயது மகள் மணலிலேயே விளையாடிக்கொண்டிருப்பாள். கணவருக்குச் சர்க்கரை நோய்; பாதங்களில் வெடிப்பும் உண்டு. கழிவுநீர் கலக்கும் கடற்கரைகளில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் இருப்பதாகப் படித்தேன். கடலில் குளிப்பதை விட்டுவிட வேண்டுமா? முன்னெச்சரிக்கையாக மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்: மாத்திரை வேண்டாம் என்பதை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக், குடலில் நமக்குத் துணையாக வாழும் பாக்டீரியாக்களை அழித்து, அந்த மருந்துக்கு அடங்காதவை தடையின்றிப் பெருக இடமளித்துவிடும். எதற்கு அஞ்சுகிறீர்களோ அதையே வரவழைப்பதாக அது முடியும்.

மனிதர்களும் கால்நடைகளும் உட்கொள்ளும் மருந்துகளால் அவர்களுடைய குடலிலேயே உருவாகும் இத்தகைய கிருமிகள், சாக்கடை வழியாகவும் மருத்துவமனைக் கழிவுநீர் வழியாகவும் கடலை அடைகின்றன. மருந்தை எதிர்க்கும் திறனுக்கான மரபணுக்களை ஒரு பாக்டீரியா, வேறு இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்குக்கூடக் கொடுக்க முடியும் என்பதால், பலவகைக் கிருமிகள் நெருங்கி வாழும் கழிவுநீர் அந்தப் பரிமாற்றத்திற்கு மிகவும் ஏற்ற இடமாகிவிடுகிறது.

ஆயினும், மருந்துக்கு அடங்காத கிருமி என்பதாலேயே அது அதிகக் கொடியது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆரோக்கியமான ஒருவர் குளிக்கும்போது ஒரு வாய் நீரை விழுங்கினால், அக்கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் குடலில் சில காலம் தங்கிவிட்டு மறைந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. 2018-இல் வெளியான எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வில், செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, அலைச்சறுக்கு விளையாடுவோரில் 9 சதவீதத்தினரிடமும் மற்றவர்களில் 3 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. அவர்கள் அதனால் நோயுற்றிருக்கவில்லை. பின்னாளில் சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ நேரும்போது, குடலில் தங்கியிருக்கும் அதே கிருமி தொற்றை உண்டாக்கினால், வழக்கமான மருந்துகள் பலிக்காமல் போகும் என்பதே உண்மையான கவலை.

நீரைப் பற்றி அஞ்சும் பலரும் மணலைப் பொருட்படுத்துவதில்லை. மேற்பரப்பு நீரில் இருக்கும் கிருமிகளைச் சூரிய ஒளியும் உப்பும் ஓரளவு அழித்துவிடும். ஈரமணலிலோ வெயில் உள்ளே எட்டாததாலும், மணல் துகள்களின் மேல் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்வதாலும், அவை நெடுநாள் உயிரோடிருக்கின்றன. அருகிலுள்ள நீரைவிட மணலில் மலக்கிருமிகள் பல மடங்கு மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன; மணலைத் தோண்டி விளையாடியவர்களுக்கு வயிற்றுப்போக்கு சற்றுக் கூடுதலாக ஏற்படுவதும் பதிவாகியுள்ளது. ஆகவே உங்கள் மகள் விளையாடட்டும், ஆனால் வடிகால் வந்து சேரும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி. எதையும் உண்ணக் கொடுக்கும் முன் அவளுடைய கைகளைச் சோப்பும் நல்ல நீரும் கொண்டு, நக இடுக்குகள் உட்படக் கழுவிவிடுங்கள். சானிடைசர் மட்டும் போதாது. மணல் அப்பிய கையில் அது சரியாக வேலை செய்யாது.

உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் அக்கறை. கடல்நீர் பட்டால் புண் ஆறும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. மாசடைந்த கடலில் அது ஆபத்தான நம்பிக்கை. பாதவெடிப்பு ஆறும்வரை அவர் கடலில் இறங்காமலிருப்பதும், மணலில் செருப்பில்லாமல் நடக்காமலிருப்பதும் அவசியம். சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் வலிக்காது என்பதால், வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, நீர்க்கொப்புளமோ கடும் வலியோ காய்ச்சலோ ஏற்பட்டாலோ, மறுநாள்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கழிவுநீருக்குத் தொடர்பின்றி வெதுவெதுப்பான கடலில் இயல்பாகவே வாழும் சில விப்ரியோ கிருமிகள், சர்க்கரை நோயாளிகளையும் கல்லீரல் நோயாளிகளையும் சில மணி நேரத்திலேயே கடுமையாகத் தாக்கக்கூடியவை.

கடலை முற்றிலும் விட்டுவிடத் தேவையில்லை. பலத்த மழைக்குப் பின் மூன்று நாட்களேனும் குளிக்காதீர்கள். நிறமோ நாற்றமோ மாறிய நீரில் எப்போதும் இறங்காதீர்கள். நலமாக இருப்பவர் குடலில் இக்கிருமி உள்ளதா என்று மலப் பரிசோதனை செய்துகொள்வதால் பயன் எதுவும் இல்லை. காய்ச்சல், காதில் சீழ், ஆறாத புண், சிறுநீர் எரிச்சல் போன்றவை வந்தால், அண்மையில் கடலில் குளித்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மருந்தைத் தொடங்கும் முன், கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டால், எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பது ஓரிரு நாட்களில் தெரிந்துவிடும்.