60,000 வெள்ளியையும் ஒரே காப்புறுதி நிறுவனப் பங்கில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. உட்லண்ட்ஸில் நாலறை வீடு, கடன் முடிந்துவிட்டது. வைப்புத்தொகை முதிர்ந்து 60,000 வெள்ளி கையில் இருக்கிறது. அதை அப்படியே ஜெர்மனியின் அலியான்ஸ் பங்கில் போட்டு, 65 வயது வரை விற்காமல் டிவிடெண்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். 4.4 விழுக்காடு என்று பார்த்தால் மாதத்துக்கு 220 வெள்ளி வரும். வங்கி மூலம் வாங்கிய பிம்கோ பத்திர நிதியும் 20,000 வெள்ளிக்கு இருக்கிறது. காப்புறுதி, நிதி நிர்வாகம் என இரண்டு தொழில் இருப்பதால், ஒன்று சரிந்தாலும் இன்னொன்று தாங்கும் அல்லவா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முதலில் அந்த 220 வெள்ளியைச் சரிசெய்துவிடுவோம். 2024-ஆம் ஆண்டுக்கு அலியான்ஸ் தந்த டிவிடெண்டு பங்குக்கு 15.40 யூரோ. பங்கின் விலை 350 யூரோ என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொல்லும் 4.4 விழுக்காடு சரிதான். ஆனால் பணம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் முன்பே 26.375 விழுக்காடு வரி பிடித்துவிடுவார்கள். கைக்கு வருவது 11.34 யூரோ, அதாவது 3.2 விழுக்காடு. 60,000 வெள்ளிக்கு மாதம் சுமார் 162 வெள்ளிதான். அதுவும் மாதாமாதம் வராது. ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதப் பங்குதாரர் கூட்டம் முடிந்த பிறகு மொத்தமாக வரும். சிங்கப்பூரில் தனிநபருக்கு இதன்மேல் வரி கிடையாது. அமெரிக்காவில் டாலரில் விற்கும் ரசீதுப் பங்கை (அலியான்ஸ் பங்குக்கு ஈடாக வெளியிடப்படும் சான்று) வாங்கினாலும் ஜெர்மன் வரியிலிருந்து தப்ப முடியாது.

உங்கள் கேள்வியின் உயிர்நாடி அந்த ‘இரண்டு தொழில்’ என்ற நம்பிக்கைதான். அதில் பாதிதான் உண்மை. அலியான்ஸுக்குச் சொந்தமான நிதி நிர்வாக நிறுவனங்களான பிம்கோவும் அலியான்ஸ் குளோபல் இன்வெஸ்டர்ஸும் வாடிக்கையாளர் பணத்தின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்றுதான் கட்டணம் வாங்குகின்றன. சந்தை விழுந்தால் அந்த மதிப்பு குறையும், கட்டணமும் குறையும். அதே நாளில், காப்புறுதிப் பிரிவு பிரீமியப் பணத்தைப் போட்டு வைத்திருக்கும் பத்திரங்களும் பங்குகளும்கூட அடி வாங்கும். ஒரே மழையில் இரண்டும் நனையும்.

அப்போது தாங்குவது எது? கார், வீடு, தொழிற்சாலைகளுக்கான பொதுக் காப்புறுதி. பங்குச் சந்தை சரிந்துவிட்டது என்பதற்காக யாரும் காரைக் கொண்டுபோய் மோதுவதில்லை. 2024-இல் நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம் சுமார் 16 பில்லியன் யூரோ. அதில் ஏறக்குறைய பாதி இந்தப் பிரிவிலிருந்து வந்தது. நிதி நிர்வாகத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். பொதுக் காப்புறுதியில் 100 யூரோ பிரீமியத்துக்கு இழப்பீடும் செலவும் சேர்த்து சுமார் 93 யூரோ போனது. ஆண்டறிக்கையில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். 100-ஐ நோக்கி ஏறத் தொடங்கினால் கவலைப்படலாம்.

சரி, வரலாறு என்ன சொல்கிறது? டிவிடெண்டு பற்றிய வரைபடங்கள் பலவும் நெருக்கடி முடிந்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும், அதனால் அழகாக ஏறும். 2007-ஆம் ஆண்டுக்கு 5.50 யூரோ கொடுத்த இதே நிறுவனம் மறு ஆண்டுக்கு 3.50 ஆகக் குறைத்தது. பழைய 5.50-ஐத் தாண்டியது 2014-ஆம் ஆண்டுக்கான டிவிடெண்டில்தான். கனடாவின் மானுலைஃப் 2009-இல் பாதியாகவே வெட்டியது. இந்தத் துறையில் வெட்டு வந்தால் உலகமே கலங்கி நிற்கும் நேரத்தில்தான் வரும். உங்கள் வேலைக்கும் அப்போதுதான் ஆபத்து.

நாணயத்தையும் பாருங்கள். 2008-இல் ஒரு யூரோவுக்கு 2.10 வெள்ளிக்கு மேல் கிடைத்தது. 2025 மே மாதம் ஒன்றரை வெள்ளிகூட இல்லை. அதனால் 5.50-இலிருந்து 15.40 வரை, யூரோவில் 2.8 மடங்கு ஏறிய டிவிடெண்டு, நம் வெள்ளிக் கணக்கில் சுமார் இரண்டு மடங்குதான். பதினேழு ஆண்டுக்கு இது மோசமில்லை, ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வளர்ச்சி இது இல்லை.

நிறுவனத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. 2022-இல் அதன் அமெரிக்க நிதி நிர்வாகப் பிரிவு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 பில்லியன் டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தபோதும் டிவிடெண்டு குறையவில்லை. அது பெரிய விஷயம். (சிங்கப்பூரின் இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2.2 பில்லியன் வெள்ளிக்கு வாங்க வந்து, 2024 அக்டோபரில் நம் அரசாங்கம் தடுத்ததால் பின்வாங்கிய நிறுவனமும் இதுதான். பலருக்கு இந்தப் பெயர் பழகியது அப்படித்தான். பெயர் தெரிந்திருப்பது பங்கு வாங்கக் காரணமாகாது.)

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 15,000 வெள்ளிக்கு மேல் இதில் போடமாட்டேன், அதையும் ஒரே நாளில் வாங்கமாட்டேன். பிம்கோ நிதியில் உள்ள பணம் அலியான்ஸின் சொத்து அல்ல, அது தனி. ஆனால் பத்திரச் சந்தை விழும் ஆண்டில் அந்த நிதியும் இந்தப் பங்கும் சேர்ந்தே இறங்கக்கூடும். ஆறு மாதச் செலவுக்கான பணம் உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் ஒதுக்குங்கள். எந்த மாதமும் திரும்ப எடுக்கலாம்.

அப்புறம் மத்திய சேம நிதி (மசேநி). சிறப்புக் கணக்கு இப்போது குறைந்தது 4 விழுக்காடு தருகிறது. வரிக்குப் பிந்தைய உங்கள் 3.2-ஐ விட அதிகம், நாணயச் சிக்கலும் இல்லை. ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை ரொக்கமாக நிரப்பினால் வருமான வரிச் சலுகையும் உண்டு. ஆனால் போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது, அந்த 4 விழுக்காடு டிவிடெண்டு போல வளரவும் வளராது. அதனால்தான் பங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன் தரகு நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: பிடித்த வரியில் ஒரு பகுதியை இரு நாட்டு ஒப்பந்தப்படி ஜெர்மனியிடம் திரும்பக் கோரத் தேவையான வரிச் சான்றை வாங்கித் தருவார்களா, கட்டணம் எவ்வளவு? 15,000 வெள்ளிப் பங்குக்குப் பிடிபடும் வரி ஆண்டுக்கு சுமார் 174 வெள்ளி, திரும்பி வரக்கூடியது அதில் ஒரு பங்குதான். கட்டணம் அதை விழுங்கிவிடும் என்றால் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுங்கள், 3.2 விழுக்காட்டையே உங்கள் வருமானமாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.