ஓடினா கை நடுக்கம் நின்னுடுமா?

போன இதழ்ல பார்க்கின்சன்ஸ் பத்தி, அதான் கை நடுக்கம், நடை தடுமாற்றம்னு வர்ற மூளை நோயைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் கொஞ்சநஞ்சம் இல்ல. அதுல பாதி, நோயை விட்டுட்டு காசைப் பத்தின கேள்வி. சரி, இந்த வாரம் அதையே பேசிடுவோம்.

கேள்வி: என் அண்ணன் பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. நவம்பர்ல நியூயார்க் மாரத்தான் ஓடப்போறாளாம், பார்க்கின்சன்ஸ் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டறேன்னு ஃபேமிலி க்ரூப்ல லிங்க் போட்டிருக்கா. அவ ஓடறதுக்கு நாம எதுக்கு காசு கொடுக்கணும், ஓடினா நடுக்கம் நின்னுடுமான்னு என் வீட்டுக்காரர் கேக்கறார். – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் கேக்கறது நியாயம்தாம்மா. பழனிக்கு நடந்து போறவங்களுக்கு வழியில மோர் கொடுத்துப் பழகினவங்க நாம, ஒருத்தர் ஓடறதுக்கு லிங்க் அனுப்பி வசூல் பண்றது நமக்குப் புதுசு. அங்க என்னன்னா, நியூயார்க் மாரத்தான்ல ஓட ஆசைப்படறவங்க எக்கச்சக்கம், குலுக்கல்ல பேர் விழறது குதிரைக்கொம்பு. அதனால கொஞ்சம் இடத்தை சாரிட்டிங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. இத்தனை டாலர் திரட்டித் தர்றேன்னு உங்க மருமக ஒத்துக்கிட்டாத்தான் அந்த இடம் கிடைக்கும். 42 கிலோமீட்டர் ஓடறது அவ பாடு, காசு அவ கைக்கு வராது, ஆன்லைன்ல நேரா அறக்கட்டளைக்கே போயிடும். லிங்க்கைத் திறந்து யார் பேருக்கு போகுதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க, தனி ஆளோட நம்பர் வந்துச்சுன்னா மட்டும் கையை எடுத்துட்டு அவளுக்கு போன் போடுங்க, ஏன்னா இந்தக் காலத்துல யார் அக்கவுன்ட்டை யார் வெச்சிருக்காங்கன்னே தெரியல.

அனேகமா அது 'டீம் ஃபாக்ஸ்'ஸா இருக்கும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஆரம்பிச்ச அறக்கட்டளையோட வசூல் கூட்டம் அது. ஒருநாள் காலையில அவருக்கு இடது சுண்டு விரல் தானா துடிச்சிருக்கு, 1991ல டாக்டர் பார்க்கின்சன்ஸ்னு சொல்லிட்டார், அப்ப வயசு 29. ஏழு வருஷம் மறைச்சு மறைச்சே நடிச்சுட்டு 1998ல வெளிய சொன்னார், 2000ல அறக்கட்டளை. இதுவரைக்கும் ஆராய்ச்சிக்கு 200 கோடி டாலருக்கு மேல கொடுத்திருக்காங்க. பணத்தை பேங்க்ல போட்டு வட்டி வாங்கற பழக்கம் இல்ல, வந்ததை செலவு பண்ணு, மருந்து கிடைச்சதும் கடையை மூடுங்கறதுதான் அவங்க கொள்கை. கடை மூடணும்னு வேண்டிக்கிற முதலாளி நம்ம தெருவுல யாராவது இருக்காங்களா?

ஒரு விஷயம், இங்கேர்ந்து அங்க அனுப்பற காசுக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. அது இந்தியாவுல அந்த அனுமதி வாங்கின அமைப்புக்குக் கொடுத்தாத்தான், அதுவும் நீங்க பழைய வரி முறையில இருந்தாத்தான், அப்பவும் 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா செல்லாது.

கேள்வி: நைக்கி ஷூ வித்து பார்க்கின்சன்ஸுக்கு காசு சேத்தாங்கன்னு என் பையன் சொல்றான். ரீல் விடறானா? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பையன் சொல்றது நெசம். ஃபாக்ஸ் நடிச்ச 'பேக் டு தி ஃப்யூச்சர்' ரெண்டாம் பாகத்துல தானா லேஸ் கட்டிக்கிற ஷூ ஒண்ணு வரும். 2011ல நைக்கி அதே மாதிரி 1,500 ஜோடி செஞ்சு ஈபேல ஏலம் விட்டாங்க, 47 லட்சம் டாலர் தேறுச்சு. கூகுளை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான செர்கே பிரின் அன்னிக்கு, வர்ற காசுக்கு சமமா நானும் போடறேன்னு சொல்லியிருந்ததால அது ரெட்டிப்பாச்சு. பிரினோட அம்மாவுக்கு பார்க்கின்சன்ஸ், அவருக்கும் அந்த ஆபத்தைக் கூட்டற மரபணு மாற்றம் இருக்குன்னு 2008ல அவரே எழுதினார். வேடிக்கை என்னன்னா அந்த ஷூவுல லைட் எரிஞ்சுது, லேஸ் கையாலதான் கட்டணும். நிஜமாவே தானா கட்டிக்கிறது 2016ல வந்துச்சு, 89 ஜோடிதான், 10 டாலர் சீட்டு குலுக்கல், அதுல 67.5 லட்சம் டாலர். சட்டை பட்டன் போடவே அரை மணி நேரம் போராடற நோயாளிக்கு, தானா கட்டிக்கிற லேஸ் என்னன்னு நல்லாத் தெரியும்.

கேள்வி: கோடி கோடியா வாங்கறாங்க, மருந்து எங்க? 50 வருஷமா அதே லெவோடோப்பா மாத்திரைதானே? எல்லாம் ஏமாத்து. – ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்க கோவம் எனக்கும் உண்டு. எங்க பெரியப்பா பால் கணக்கு நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு. முதல் பக்கத்துல 'ஒண்ணரை லிட்டர்'னு கொட்டை எழுத்துல இருக்கும், பக்கம் புரட்டப் புரட்ட எழுத்து சின்னதாகி கடைசியில கடுகு மாதிரி ஆயிடும். கண்ணாடி மாத்தணும்னு நெனச்சோமே தவிர, அதுவே நோயோட ஆரம்பம்னு யாருக்கும் தோணல, நடுக்கம் வந்தப்புறம்தான் டாக்டர்கிட்டயே போனோம்.

கஷ்டமே அங்கதான். உள்ள நோய் ஆரம்பிச்சு வெகுநாள் கழிச்சுத்தான் வெளிய தெரியுது, தெரியும்போது மூளையில டோப்பமின், அதான் உடம்பு அசைவைச் சீரா வெக்கற ரசாயனம், அதைச் சுரக்கற செல்லுங்க நிறைய செத்துப் போயிருக்கு. சீக்கிரமே கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லாம, சீக்கிரமே தடுக்கற மருந்தை யார் மேல சோதிச்சுப் பாக்கறது? இதுக்காக ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010ல ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. நூத்துக்கணக்கான பேர் வருஷா வருஷம் வந்து ரத்தம் கொடுத்து, முதுகுத் தண்டுல ஊசி குத்தி நீரெடுக்க விட்டாங்க. எந்தக் கம்பெனியும் தனியா செலவு பண்ணத் தயங்கற வேலை இது, நாளைக்கே லாபம் வராதுல்ல. 2023ல அந்த நீர்ல ஆல்ஃபா சின்யூக்ளின்ங்கற புரதம் கோணலா மடங்கியிருக்கறதைக் கண்டுபிடிக்கற டெஸ்ட், 1,100 பேருக்கு மேல பண்ணிப் பாத்ததுல, நல்லா வேலை செய்யுதுன்னு வந்துச்சு. கும்பகோணத்து அம்மாவோட மருமக ஓடித் திரட்டற மாதிரியான காசு இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும்தான் போகுது (அந்த அம்மாவும் இதைப் படிக்கணும்).

இன்னொண்ணு, ஸ்காட்லாந்துல ஜாய் மில்ன்னு ஒரு நர்ஸ். புருஷன் மேல அடிக்கற வாசனை மாறிடுச்சு, கஸ்தூரி மாதிரி ஏதோ அடிக்குது, சரியா குளிக்கறதில்லன்னு சண்டை போட்டிருக்காங்க. ஒரு டஜன் வருஷம் கழிச்சு அவருக்கு பார்க்கின்சன்ஸ். அப்புறம் நோயாளிகள் கூட்டத்துக்குப் போனா, அங்க எல்லார் மேலயும் அதே வாசனை! எடின்பரோல ஒரு விஞ்ஞானிகிட்ட இதைச் சொன்னாங்க, அவர் முதல்ல கண்டுக்கல, பின்னாடி 12 டி-ஷர்ட் கொடுத்து மோந்து பாக்கச் சொன்னார். ஆறு நோயாளிங்க போட்டது, ஆறு நல்லாயிருக்கறவங்க போட்டது. 12ல 11 சரி. தப்புன்னு நெனச்ச ஆளுக்கும் எட்டு மாசத்துல நோய்னு தெரிஞ்சுது, ஆக 12க்கு 12. வாசனை அக்குள்ல இல்ல, மேல் முதுகு எண்ணெய்ப் பிசுக்குல. அதை வெச்சு பஞ்சுல துடைச்சு டெஸ்ட் பண்ற வேலை மான்செஸ்டர்ல நடக்குது, ஆரம்பத்துல காசு போட்டது 'பார்க்கின்சன்ஸ் யுகே' சாரிட்டி. ஒரு பாட்டி மூக்கை நம்பி அரசாங்கம் காசு கொடுக்குமா, நீங்களே சொல்லுங்க.

தோத்ததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எக்ஸனடைட்னு ஒரு சுகர் ஊசி, விஷப் பல்லியோட எச்சில்லேர்ந்து கெடைச்ச ஐடியா. 2017ல 62 பேர்கிட்ட பாத்ததுல நம்பிக்கையா இருந்துச்சு. அப்புறம் அரசுப் பணம், சாரிட்டி பணம் எல்லாம் சேத்து 194 பேருக்கு 96 வாரம் கொடுத்துப் பாத்தாங்க, 2025 பிப்ரவரியில முடிவு வந்துச்சு: ஒரு பிரயோஜனமும் இல்ல. அது வீண் செலவா? இந்த டெஸ்ட் நடக்காம இருந்திருந்தா நம்மாளுங்க அந்த ஊசியை பிளாக்ல வாங்கி வாராவாரம் குத்திக்கிட்டு இருந்திருப்பாங்க, சந்தேகமே வேணாம்.

கேள்வி: என் கணவருக்கு ஆறு வருஷமா பார்க்கின்சன்ஸ். நாத்தனார் வெளிநாட்டுல ஆராய்ச்சிக்கு வசூல் பண்றாங்க, சொந்த அண்ணனுக்கு வந்த நோய்க்கு நீங்களே 5000 தரலன்னா எப்படின்னு கேக்கறாங்க. ஃபிசியோதெரபியை போன மாசம் காசில்லாமத்தான் நிறுத்தினோம். – பேர் வேண்டாம், ஈரோடு

பதில்: கொடுக்காதீங்க. யோசிக்கவே வேணாம். இப்ப வர்ற ஆராய்ச்சி எல்லாம் இன்னும் பல வருஷம் கழிச்சு யாருக்கோ, அது நல்ல காரியம்தான், ஆனா அவர் இன்னிக்கு பாத்ரூம் போகும்போது விழாம இருக்கறது அந்த ஃபிசியோவாலதான். நடக்கறதுக்கும் உக்காந்து எழுந்திருக்கறதுக்கும் உடற்பயிற்சி நிஜமாவே உதவுது, மாத்திரை வேளை தவறாம இருக்கறதும் அதே அளவு முக்கியம். டாக்டர் ஏதாவது ஆய்வுல சேர முடியுமான்னு கேட்டா அதைப் பத்தி விசாரிங்க, நோயாளி தர்ற ஒரு டியூப் ரத்தம் வெளியாள் தர்ற டாலருக்குக் குறைஞ்சதில்ல. அந்த 5000ஐ திங்கக்கிழமையே ஃபிசியோ தம்பிகிட்ட கொடுத்துடுங்க. நாத்தனார் கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க, திட்டை நான் வாங்கிக்கிறேன்.