மொரிஷியஸின் மேட்டுநில ஊரான கியூர்பிப்பில் குளிர்காலம் வந்தால் அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் இது ஒழுகல் இல்லை, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் நீராவிதான். சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி எல்லாம் காற்றை ஈரமாக்கும். அது குளிர்ந்த கான்கிரீட் சுவரில் பட்டதும் நீராகிவிடும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அங்கே காற்றோட்டமே இருக்காது. ஒரு கையகலம் தள்ளிப் போடுங்கள்.

ஓயாத தூறலுக்குப் பயந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜன்னலை அடைத்தே வைப்பது நம் ஊர்ப் பழக்கம். தூறல் விட்டதும் எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டாம். கேஸ் எரிந்தாலே நீராவி வரும்.

கூரையில் கறை பரவினால் அது வேறு கதை. மழை குறைந்த அக்டோபரில் மொட்டைமாடிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடியுங்கள். பூஞ்சைமேலேயே பெயின்ட் அடிப்பது வீண் செலவு: ப்ளீச்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடியுங்கள்.