சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் லேப்ரடார் வளர்க்கலாமா? அதன் குணம் எப்படி, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

வளர்க்கலாம். மூன்று வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இதுவரை நாய் வளர்த்ததே இல்லை என்கிறீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தோதான இனம்தான். ஆனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: அதற்குச் சாப்பாடு போடப்போவது யார்?

சிரிக்காதீர்கள். ஒன்பது வருடமாக ஒரு லேப்ரடாரோடு குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் மணிக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி வாய் வழியாக வந்தவை. ஆண் லேப் 29 முதல் 36 கிலோ வரை இருக்கலாம். நாலு வயதில் மணி 41 கிலோ. வருகிறவர்கள் எல்லாம் "நல்லா கொழுகொழுன்னு இருக்கானே" என்பார்கள், எங்களுக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாள் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் அதன் விலாவில் கைவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, என்னையும் வைக்கச் சொன்னார். எலும்பு தட்டுப்படவே இல்லை. தலையணையைத் தொட்ட மாதிரி இருந்தது.

அன்று இரவு வீட்டில் கணக்குப் பார்த்தோம். காலையில் நான் போடுகிறேன். நான் போட்டது தெரியாமல் அரை மணி நேரம் கழித்து என் மனைவி போடுகிறாள். "பாவம், பார்த்துக்கிட்டே நிக்குதே" என்று அம்மா பிஸ்கட் கொடுக்கிறார். மேசைக்கு அடியில் மகனின் கைவரிசை தனி. இந்தப் பயல் ஒவ்வொருவரிடமும் போய், நேற்றிலிருந்து பட்டினி என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பசி அடங்கிவிட்டது என்று மூளைக்குச் சொல்வதில் பங்குள்ள பிஓஎம்சி என்ற மரபணுவில், லேப்ரடார்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குக் குறைபாடு இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. அதனால் 'அதுவே போதும் என்று நிறுத்திக்கொள்ளும்' என்ற கணக்கு லேப்பிடம் எடுபடாது. நிறுத்த வேண்டியது நாம்தான்.

நாங்கள் செய்தது இதுதான்: போடுவது ஒரே ஆள், அதாவது நான். கரண்டிக் கணக்கு இல்லை, தராசில் எடைபோட்டு ஒரு நாளைக்கான உணவைக் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். பழக்கும்போது கொடுக்கும் பரிசுத் துணுக்கும் அந்த டப்பாவிலிருந்துதான் வர வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கடை மூடியாயிற்று. 34 கிலோவுக்கு வர ஏழு மாதம் ஆனது. அம்மா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எடை சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கையை மூடி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். விலா அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் குறைத்தாக வேண்டும்.

இது அழகுக்காகச் சொல்வதல்ல. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பரம்பரையாகவே பலவீனம். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அங்கேதான் இறங்கும். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

சரி, குணத்துக்கு வருவோம். பெயர்தான் கனடாவின் லேப்ரடார் பகுதியுடையது, மூதாதையர் அதன் பக்கத்திலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை பார்த்த நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குப் போய், வேட்டையில் சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும் நாயாக ஆனது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு செருப்பையாவது கவ்விக்கொண்டுதான் வரவேற்கும். திருடன் வந்தாலும் அதே மரியாதைதான். காவலுக்கு நாய் வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள்.

பிள்ளைகளிடம் பொறுமை அதிகம். ஆனாலும் மூன்று வயதுக் குழந்தையோடு தனியே விடாதீர்கள். கடித்துவிடும் என்பதற்காக இல்லை. கட்டை போன்ற அந்த வால் சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்தில் ஆடும், சந்தோஷத்தில் மோதினால் குழந்தை ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். இரண்டு வயது வரை குட்டி புத்தியும் பெரிய உடம்பும் சேர்ந்தே இருக்கும். பல் முளைக்கிற மாதங்களில் கடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் நாற்காலிக் கால்தான். பொம்மை, காலுறை எதையும் தரையில் விடக்கூடாது. மணி ஒரு முறை காலுறையை விழுங்கி அறுவை சிகிச்சை வரை போனது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவை நஞ்சு என்பதைப் பெரிய பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டும். வருடம் முழுக்கக் கொட்டும், பருவம் மாறும்போது இன்னும் கொட்டும். வாரம் இரண்டு மூன்று முறை சீவினால் ஓரளவு சமாளிக்கலாம். கோடைக்கு என்று மொட்டை மட்டும் அடிக்காதீர்கள். இரட்டை அடுக்கு முடி, பழையபடி வளராமல் போகலாம். தண்ணீரில் ஆடிவிட்டு வந்தால் தொங்கும் காதுகளைத் தூக்கித் துடைத்துக் காயவிடுங்கள். காது நாறினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வளர்ந்த லேப்புக்குத் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடையும் ஓட்டமும் வேண்டும். குட்டியை மட்டும் எலும்பு முற்றும்வரை குதிக்கவோ நெடுந்தூரம் ஓடவோ விடாதீர்கள். வாங்கும்போது குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தாய் தகப்பனின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகளைக் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? காலையிலிருந்து மாலை வரை வீடு பூட்டியே கிடக்கும் என்றால் என் பதில் மாறும். லேப்புக்குச் சாப்பாட்டுக்கு அடுத்தபடி மனிதர்கள்தான். ஆள் இல்லாத வீட்டில் அது குரைத்துத் தீர்க்கும், கதவைப் பிறாண்டும், சோபாவைப் பிரித்துப் போடும். அப்படியென்றால் இப்போதைக்கு வேண்டாம்.