பதில்: கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையில் இரவுக் கூத்து, 119க்கு அடித்தும் பலனில்லை

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அயல்வீட்டில் இரவிரவாகச் சத்தம், மதிலுக்கு மேலால் குப்பையும் போத்தலும்; பொலிஸ் வந்ததும் சவுண்ட் பொக்ஸ் குறைகிறது, ஜீப் திரும்பியதும் பழையபடி. பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்தால் ரோந்து வரும், அவ்வளவுதான். உங்கள் வாக்குமூலம் எங்கும் பதிவாகாததால் ஒவ்வொரு இரவும் பொலிஸுக்குப் புதுக்கதை.

பகலில் பொலிஸ் நிலையத்துக்கே போய் சிறு முறைப்பாட்டுப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். பதிவு இலக்கம், திகதி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மேலே போனால் மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

“எப்பவும் சத்தம்” என்று எழுதினால் வேலைக்காகாது. “வெள்ளி 11.20 முதல் 1.45 வரை, பின்வளவில் ஸ்பீக்கர், மதிலுக்கு மேலால் இரண்டு போத்தல்” என்று கொப்பியில் குறித்து வைத்துக் காட்டுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதையும் குறிப்பிடலாம்.

குப்பை, போத்தல் விஷயம் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. சத்தத்தை அவரிடம் கொண்டுபோய் நாளை வீணாக்காதீர்கள்.

இரு தரப்பையும் சமரசப்படுத்தும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினால் போய் வாருங்கள், எதிராளி வராவிட்டாலும் பதிவு மிஞ்சும். அடுத்தது நீதவான் நீதிமன்றம்: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு பொதுத்தொல்லைக்கானது. அயல்வீட்டார் இரண்டு மூன்று பேரும் கையெழுத்திட்டால் அது “பொது”வாக நிற்க உதவும். தனியாள் போனால் வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடக்கூடும்.